கழற்றி மாட்டினால் வந்துவிடும்

"கழற்றி மாட்டினா வந்துருது சார்" என்று யாராவது போனில் சொன்னால், பழுது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு பையைத் தூக்குவேன். மாடுலர் நெட்வொர்க் ஸ்விட்ச் பழுதுபார்க்கும் தொழிலில் ஆளை அதிகம் ஏமாற்றுகிற வாக்கியம் இதுதான். கார்டை உருவினார்கள், திரும்பச் செருகினார்கள், பச்சை விளக்கு எரிந்தது, எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். எது கெட்டது, ஏன் கெட்டது என்று யாருக்கும் தெரியாது. சில வாரம் கழித்து அதே கார்டு, அதே சிவப்பு விளக்கு. இதற்கிடையில் உருவிச் செருகிய கையே புதிதாக ஒரு பழுதைச் சேர்த்திருக்கவும் கூடும்.

இந்த இயந்திரத்தைப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கல்லூரி, மருத்துவமனை, பெரிய ஆலை போன்ற இடங்களில் நூற்றுக்கணக்கான கேபிள்கள் வந்து சேரும் மைய அறையில் ஓர் இரும்புக் கூடு நிற்கும். அதை சேஸிஸ் என்போம். அதன் உள்முதுகில் பேக்பிளேன் என்ற பலகை. பலகை நிறைய மெல்லிய பின்கள். முன்பக்கம் அடுக்கடுக்காக ஸ்லாட்டுகள், ஸ்லாட்டுக்கு ஒரு கார்டு. எல்லாவற்றையும் ஆள்வது சூப்பர்வைசர் கார்டு. கேபிள்கள் வந்து சேர்வது லைன் கார்டு. கீழே இரண்டு பவர் சப்ளை, ஓரத்தில் ஃபேன் ட்ரே. சிஸ்கோ நிறுவனம் 1999-இல் கொண்டுவந்த கேட்டலிஸ்ட் 6500 வரிசையில்தான் என் வயதுக்காரர்கள் பலர் இந்த வகையைக் கற்றுக்கொண்டோம். 3 ஸ்லாட்டிலிருந்து 13 ஸ்லாட் வரை அதில் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கார்டை உருவி வேறொன்றைச் செருகலாம் என்பது இதன் பெரிய வசதி. அந்த வசதிதான் பழுதுபார்க்கிறவனின் பெரிய இடைஞ்சலும். கை சும்மா இருக்காது.

நான் இருப்பது நார்த்தாமலை. புதுக்கோட்டையிலிருந்து திருச்சி போகிற சாலையில், கீரனூருக்கு முன்னால். மேலமலை, கடம்பர் மலை, ஆளுருட்டிமலை என்று சுற்றிலும் மொட்டைப் பாறை. விஜயாலய சோழீச்சுரம் பார்க்க வருகிறவர்களும், பங்குனித் திருவிழாவுக்கு முத்துமாரியம்மன் கோயிலுக்கு வருகிறவர்களும் எங்கள் ஊரை அறிவார்கள். பழுதுபார்க்கிறவனுக்கு இந்த வட்டாரம் வேறொரு முகம் காட்டும். கல்லுடைக்கும் இடங்களிலிருந்து வரும் தூசி, பாறை உள்வாங்கி ராத்திரி வரைக்கும் விடாத வெக்கை, ஐப்பசியில் இறங்கும் மின்னல், எர்த் எடுக்க இடம் கொடுக்காத நிலம். நகரத்துக் குளிர்ந்த அறைக்குள்ளேயே இந்த இயந்திரங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்குப் பயிற்சிப் புத்தகத்தில் ஒரு வரியாக வந்துபோகும் பழுதுகள் எங்களுக்கு வழக்கமான வேலை.

தொழில் கற்றது கம்பெனிப் பயிற்சியில் என்றாலும், பார்க்கக் கற்றது தொலைபேசித் துறையில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வுபெற்ற பெரியப்பா ஒருவரிடம். அவர் காலத்து எக்ஸ்சேஞ்சும் கார்டுகளால் ஆனதுதான். 1984-இல் தொடங்கிய சி-டாட் நிறுவனம் வடிவமைத்த ஊரக எக்ஸ்சேஞ்ச், 128 போர்ட்டுகள் கொண்டது. முதலாவது 1986-இல் கர்நாடகத்தின் கித்தூரில் ஓட ஆரம்பித்தது. ஏசி இல்லாத கிராமத்து அறையில், வெக்கையிலும் தூசியிலும் தாங்கும்படி இந்தியப் பொறியாளர்கள் செய்த இயந்திரம் அது. அதைப் பற்றிப் பேசும்போது பெரியப்பாவின் முதுகு நிமிரும். காலையில் எக்ஸ்சேஞ்சைத் திறந்ததும் முதலில் எல்லா விளக்கையும் பார்ப்பாராம். பிறகு நோட்டில் எழுதுவாராம். அதற்குப் பிறகுதான் எதையும் தொடுவது. "ஏப்பா, கெட்டுப்போன மிஷின் பேசிக்கிட்டே இருக்கும். நீ கரண்ட நிறுத்துனா வாய மூடிரும். அப்பறம் யார்கிட்ட போய்க் கேப்ப?" என்பார். இன்றைய ஸ்விட்சுக்கும் இது அப்படியே பொருந்தும். நினைவகத்தில் இருக்கும் பிழைப் பதிவுகள் பல, ஸ்விட்சை அணைத்த நொடியில் போய்விடும். அழுதுகொண்டிருக்கும் இயந்திரத்தை அணைத்துப் போட்டுவிட்டு என்னைக் கூப்பிடுகிறவர்களிடம் நான் கடுமையாகவே பேசியிருக்கிறேன்.

கிரஷர்கள் நிறைந்த ஒரு பகுதியில் ஓர் ஆலை. பெயர் வேண்டாம். அங்கே நெட்வொர்க் பார்த்துக்கொண்ட பையன் காலையில் கூப்பிட்டான்.

"அண்ணே, நாலாவது ஸ்லாட் கார்டு செத்துருச்சுண்ணே. போன மாசமும் இப்பிடித்தான் ஆச்சு. கழட்டி மாட்டுனேன், வந்துருச்சு."

"இப்ப கழட்டிட்டியா?"

"இன்னும் இல்லண்ணே. கழட்டப் போறேன்."

"தொடாத தம்பி. லைட்டெல்லாம் என்ன கலர்ல இருக்குன்னு போட்டோ எடுத்து வை. நான் வர்றேன்."

போனதும் கன்சோல் கேபிளைச் செருகினேன். 9600 வேகம், மெதுவாகத்தான் எழுத்து ஓடும். ஆனால் நெட்வொர்க்கே படுத்துவிட்டாலும் பேசுகிற வாசல் அது ஒன்றுதான். பதிவு முழுவதையும் லேப்டாப்பில் எடுத்து வைத்தேன். கார்டுகளின் நிலை, ஒவ்வொரு உணரியும் காட்டும் வெப்பம், ஃபேன், பவர் எல்லாம். ஸ்விட்சின் கடிகாரம் தப்பாக ஓடிக்கொண்டிருந்தது. யாரும் நேரச் சேவையகத்தோடு இணைக்கவில்லை. கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டு எத்தனை மணி நேரம் தள்ளியிருக்கிறது என்று கணக்குப் போட்டு, பதிவில் இருந்த நேரங்களைத் திருத்தி எழுதினேன். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. நாலாவது கார்டோடு தொடர்பு அறுந்தது எல்லாமே காலை ஒன்பது மணியை ஒட்டி. நடுப்பகலில் ஒன்றும் இல்லை, ராத்திரியில் ஒன்றும் இல்லை.

"ஏசி எப்ப போடுவீங்க?"

"ஒம்பது மணிக்குண்ணே. சாயங்காலம் ஆபீஸ் பூட்டும்போது ஆஃப் பண்ணிருவோம். கரண்ட் பில்லு."

ராத்திரி முழுக்கச் சூடேறிக் கிடந்த அறை காலையில் திடீரென்று குளிரும். இரும்பும் செம்பும் பிளாஸ்டிக்கும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. இணைப்பு உறுதியாக இருந்தால் இந்த அசைவு தலைமுடி அளவுக்குக்கூடத் தெரியாது. தளர்ந்திருந்தால், பின்னும் துளையும் ஒன்றை ஒன்று நாள்தோறும் உரசி, தொடும் இடத்தில் மெல்லிய படலம் உருவாகும். கழற்றி மாட்டும்போது அந்தப் படலம் வழித்துவிடப்படும். கார்டு உயிர் பெறும். திரும்பப் படலம் ஏறும்வரை நன்றாக ஓடும். பையன் ஒவ்வொரு முறையும் சரிசெய்ததாக நினைத்தது இந்த வழித்தலைத்தான்.

அடுத்து யாரும் செய்யக்கூடியது கார்டை இடம் மாற்றிப் பார்ப்பது. பழுது கார்டோடு போகிறதா, ஸ்லாட்டோடு நிற்கிறதா? இந்தத் தொழிலின் முதல் கேள்வி அது, நல்ல கேள்வி. ஆனால் கேட்பதற்கு முன் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். மணிக்கட்டில் எர்த் பட்டையைக் கட்டிக்கொண்டு, திருகுகளைத் தளர்த்தி, இரண்டு பக்க நெம்புகளையும் ஒன்றாக விரித்துக் கார்டை வெளியே இழுத்தேன். கார்டின் பின்பக்க இணைப்பானில் சாம்பல் நிறத்தில் கல் மாவு. துளைகளில் ஒன்றின் வாய் பிய்ந்திருந்தது. பல் டாக்டர் வைத்திருக்கும் மாதிரி ஒரு சிறு கண்ணாடி என் பையில் உண்டு. அதை ஸ்லாட்டுக்குள் நீட்டி வெளிச்சம் காட்டினால், பேக்பிளேனில் ஒரு பின் வரிசையை விட்டுச் சாய்ந்து நிற்கிறது.

இந்த இடத்தில்தான் தொழில் தெரிந்தவனும் தெரியாதவனும் பிரிகிறார்கள் என்று நான் நம்புகிறேன். சாய்ந்த பின் உள்ள ஸ்லாட்டில் புதுக் கார்டைச் செருகினால், அந்தப் பின் புதுக் கார்டின் துளையையும் பிய்க்கும். துளை பிய்ந்த பழைய கார்டை நல்ல ஸ்லாட்டில் செருகினால், அங்கே இருக்கும் நல்ல பின்னை வளைக்கும். பிறகு அந்த ஸ்லாட்டில் வருகிற கார்டுக்கெல்லாம் அதே கதி. சொறி மாதிரி தொட்டுத் தொட்டுப் பரவும் பழுது இது. ஒரு பின் சாய்ந்ததில் தொடங்கி, நல்ல நோக்கத்தோடு மாற்றி மாற்றிச் செருகியே ஒரு சேஸிசில் பாதி ஸ்லாட்டையும் மூன்று நல்ல கார்டுகளையும் இழந்த இடத்தை நான் வேறோர் ஊரில் பார்த்திருக்கிறேன். கடைசியில் அங்கே எந்தக் கார்டு முதலில் கெட்டது என்று சொல்ல யாராலும் முடியவில்லை.

ஆலையில் நாலாவது ஸ்லாட்டுக்கு மூடித் தகடு போட்டேன். பழைய கார்டை மேசையில் தனியே வைத்தேன். புதுக் கார்டு வந்ததும் ஆறாவது ஸ்லாட்டில், இரண்டு நெம்பையும் ஒரே நேரத்தில் அழுத்தி, திருகுகளை முழுக்க இறுக்கிப் பொருத்தினேன். திருகு பெரிய விஷயம். சேஸிஸ் கார்டுகளின் விளிம்பில் மின்காந்தக் கசிவைத் தடுக்க ஒரு சுருள் பட்டை இருக்கும். அது பக்கத்துக் கார்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். திருகை இறுக்காமல் விட்டால் கார்டு மெல்ல மெல்ல வெளியே நகரும், கோணலாகும். அடுத்தவர் வந்து ஒரு பக்க நெம்பை மட்டும் அழுத்துவார். பின் சாய்வது இப்படித்தான்.

கதவின் அடியில் இருந்த இடைவெளிக்கு ரப்பர் பட்டை அடிக்கச் சொன்னேன். ஏசியை ராத்திரியும் ஓட விடச் சொன்னபோது கணக்குப் பிரிவில் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு லைன் கார்டின் விலையையும் ஒரு வருஷத்துக்கான ராத்திரிக் கரண்ட் செலவையும் ஒரே தாளில் எழுதிக் காட்டிய பிறகு ஒத்துக்கொண்டார்கள்.

கல் தூசியைப் பற்றி இன்னும் கொஞ்சம். வீட்டுத் தூசியில் பஞ்சும் நூலும் இருக்கும். வலையில் மெத்தை மாதிரி படியும், கையால் உரித்து எடுக்கலாம். கிரஷர் தூசி வேறு. மாவு போல மெல்லியது, வலையில் நிற்காமல் உள்ளே போகும், ஃபேன் பேரிங்கில் உட்கார்ந்து அரைக்கும். வறண்ட நாளில் பேசாமல் இருக்கும். மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சியதும் சர்க்கியூட்டின் மேல் மெல்லிய கசிவுப் பாதையாகிவிடும். சுத்தம் செய்கிறேன் என்று கம்ப்ரஸர் காற்றை அப்படியே அடிக்கிறவர்களைத் தடுத்திருக்கிறேன். அந்தக் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் வரும். காற்று வேகத்தில் சுழலும் ஃபேன் ஒரு சின்ன ஜெனரேட்டராகித் தன்னையே ஓட்டும் சர்க்கியூட்டுக்குள் மின்னழுத்தத்தைத் திருப்பி அனுப்பும். ட்ரேயைக் கழற்றி வெளியே கொண்டுபோய், இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு, மெல்லிய பிரஷ்ஷால் தட்ட வேண்டும். சேஸிஸில் ஃபேன் ட்ரே இல்லாத நேரம் சில நிமிடங்களைத் தாண்டக் கூடாது. மாற்று ட்ரே கையில் இருந்தால்தான் அதைத் தொடவே வேண்டும். காலி ஸ்லாட்டுக்கு மூடித் தகடு போடாமல் விடுவதும் இதே குற்றம்தான். காற்று அந்தத் திறப்பு வழியே சுருக்குப் பாதையில் போய்விடும். பக்கத்துக் கார்டு புழுங்கும்.

ஃபைபர் வேலையிலும் இதே தூசிதான் எதிரி. பிழைக் கணக்கு ஏறுகிறது, லைன் கார்டை மாற்ற வேண்டும் என்று சொல்லி அழைப்பார்கள். கார்டில் ஃபைபர் வந்து சேரும் டிரான்ஸீவர் தனக்கு வரும் ஒளியின் அளவைத் தானே சொல்லும். 10 கிலோமீட்டர் தூரத்துக்கான 10 ஜி எல்ஆர் வகையில் அது மைனஸ் 14.4 டிபிஎம்முக்குக் கீழே இறங்கினால் கார்டைத் தொடுவதற்கு முன் ஃபைபர் முனையைப் பார்க்க வேண்டும். எங்கள் ஊர்த் தூசி கண்ணாடியைக் கீறும் கடினம் உள்ளது. துடைக்காமல் ஒருமுறை செருகிவிட்டால் முனையில் குழி விழுந்துவிடும்; பிறகு எவ்வளவு துடைத்தாலும் போகாது. ரப்பர் மூடியைத் தரையில் போடுகிற ஆளை நான் இரண்டாவது தடவை வேலைக்குக் கூட்டிப்போவதில்லை.

எழுதி வைக்கும் பழக்கத்தைப் பற்றிச் சொல்ல எங்கள் மலையிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. விஜயாலய சோழீச்சுரத்தில் துவாரபாலகர் சிலையின் அடியில் உள்ள கல்வெட்டு, அந்தக் கற்றளியை எடுத்தவன் சாத்தன் பூதி என்றும், மழையால் அது சேதமானது என்றும், மல்லன் விடுமன் என்பவன் அதைப் புதுப்பித்தான் என்றும் சொல்கிறது. யார் கட்டியது, எதனால் கெட்டது, யார் சரிசெய்தது. ஒரு பழுதுப் பதிவேட்டுக்கு வேண்டிய மூன்றும் அதில் இருக்கிறது. புதிதாக வேலைக்கு வரும் பையன்களை நான் மேலமலைக்கு அழைத்துப்போய் அந்த இடத்தைக் காட்டுவதுண்டு. கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய சர்வர் அறைகளில் இந்த மூன்றில் ஒன்றும் இருக்காது. "கார்டு மாற்றப்பட்டது" என்று ஒரு வரி இருக்கும். எந்தக் கார்டு, எந்த ஸ்லாட், மாற்றுமுன் என்ன காட்டியது, மாற்றிய பின் என்ன காட்டியது, ஒன்றும் இருக்காது. அடுத்து வருகிறவன் ஆரம்பத்திலிருந்து தொடங்குவான்.

சிவப்பு விளக்கு எரியும் இடம் பழுது இருக்கும் இடமாக இருக்க வேண்டியதில்லை. இதை எனக்கு ஆழமாகப் பதித்தது ஒரு கல்வி நிறுவனத்தில் பார்த்த வேலை. நீண்ட கரண்ட் கட்டுக்குப் பிறகு ஒரு லைன் கார்டு எழவில்லை. செத்துப்போனது என்று முடிவுகட்டி, மாற்றுக் கார்டு வரவழைத்துச் செருகிப் பார்த்துவிட்டார்கள். அதுவும் எழவில்லை. இரண்டாவதும் செத்த கார்டு என்று சண்டை. திரையில் அந்தக் கார்டுக்கு நேரே இருந்த நிலையை யாரும் முழுக்கப் படிக்கவில்லை. கார்டு கெட்டது என்று அது சொல்லவில்லை. பவர் மறுக்கப்பட்டது என்று சொன்னது.

கேபிள் வழியாகவே கேமராவுக்கும் வைஃபை கருவிக்கும் மின்சாரம் தருகிற கார்டு அது. 2003-இல் வந்த விதிப்படி ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட். 48 போர்ட்டுக்கும் கணக்கிட்டால் 739 வாட் ஆகிறது. 2009-இல் அதுவே 30 வாட் ஆனது. 48 போர்ட்டுக்கு 1440 வாட். 2018-இல் வந்த விதியில் 90 வாட் வரை போகிறது. வருஷா வருஷம் கேமராவும் வைஃபையும் சேர்த்துக்கொண்டே போனார்கள். பவர் கணக்கை யாரும் திரும்பப் போடவில்லை. இரண்டு பவர் சப்ளையும் ஒன்றுக்கு ஒன்று மாற்றாக இருக்கும் முறையில் தொடங்கியிருந்தார்கள். ஒன்று படுத்தாலும் மற்றது முழுச் சுமையையும் தாங்கும். சுமை ஏறியதும் யாரோ அதை இரண்டும் சேர்ந்து சுமக்கும் முறைக்கு மாற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து மாற்று என்று ஒன்று இல்லை. கரண்ட் கட்டின்போது ஒரு பவர் சப்ளை படுத்துவிட்டது. மிச்சம் இருந்த ஒன்று எல்லாக் கார்டுக்கும் போதவில்லை. சூப்பர்வைசர் தன் வேலையைச் சரியாகச் செய்து, ஒரு கார்டைப் பட்டினி போட்டு மற்றவற்றைக் காப்பாற்றியது. அதைத்தான் பழுது என்று நினைத்தார்கள். இரண்டு லைன் கார்டும் நல்லவை. ரேக்கின் கீழே, காலுக்குப் பக்கத்தில், பவர் சப்ளையின் விளக்கு பேசாமல் சிவந்து கிடந்தது. யாரும் குனிந்து பார்க்கவில்லை.

இது பவரோடு நிற்பதில்லை. இரண்டு சூப்பர்வைசர் இருக்கும் சேஸிஸில் ஒன்று படுத்தால் மற்றது நொடியில் எடுத்துக்கொள்ளும். ஒருவருக்கும் தெரியாது. இணையம் ஓடுகிறது, சம்பளக் கணக்கு ஓடுகிறது, யாரும் புகார் சொல்லவில்லை. மாதக்கணக்கில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருக்கும். மற்றதும் போகும் நாளில்தான் முதல் பழுதே கண்டுபிடிக்கப்படும். ஆகவே ஒப்பந்தம் பேசும்போதே நான் ஒன்று கேட்டுவிடுவேன்: ஸ்விட்ச் தன் எச்சரிக்கைகளை எங்கே அனுப்புகிறது, அதை யார் படிக்கிறார்? பதில் இல்லை என்றால் முதல் வேலை அதுதான். பெரியப்பா காலையில் விளக்குகளைப் பார்த்து நோட்டில் எழுதியதும் இதே வேலை.

பல வருஷம் நிற்காமல் ஓடும் இயந்திரத்தைப் பற்றிப் பெருமை பேசுவார்கள். எனக்கு அதைக் கேட்டால் கவலை வரும். 2014-இல் சிஸ்கோ வெளிப்படையாக ஓர் அறிவிப்புச் செய்தது: 2005 முதல் 2010 வரை ஒரே ஒரு சப்ளையர் தயாரித்த மெமரி பாகங்கள் கொண்ட சில பொருட்கள், இரண்டு வருஷம் போல ஓடியபின் கரண்டை நிறுத்திப் போட்டால் எழாமல் போகலாம் என்று. ஓடும்வரை ஒரு குறையும் தெரியாது. நிறுத்தினால்தான் தெரியும். 2017-இல் இன்னோர் அறிவிப்பு: கடிகாரத் துடிப்புத் தரும் ஒரு பாகம் 18 மாதத்துக்குப் பிறகு தளரத் தொடங்கலாம், தளர்ந்தால் கருவி நின்றுவிடும், திரும்ப எழாது. வேறு பல நிறுவனங்களின் கருவிகளையும் அந்தப் பாகம் தொட்டது. இவற்றைத் தயாரிப்பாளரே முன்வந்து சொன்னதை நான் மதிக்கிறேன். நீண்ட நாள் அணையாத சேஸிஸை நான் யோசிக்காமல் அணைக்க மாட்டேன். மாற்று சூப்பர்வைசர் கையில் இருக்க வேண்டும், கட்டமைப்பு வெளியே சேமித்திருக்க வேண்டும், நேரம் பகலாக இருக்க வேண்டும். திருவிழா விடுமுறையில் ஆளே இல்லாத ராத்திரியில் வேலை வைத்துக்கொள்ளலாம் என்பவர்களிடம், எழாவிட்டால் உதிரிபாகம் எங்கிருந்து வரும், எத்தனை மணிக்கு வரும் என்று கேட்பேன்.

எல்லா சிவப்பு விளக்குக்கும் கார்டை மாற்றவும் வேண்டாம். மெமரியில் ஒரு பிட் தானாகத் தலைகீழாகிப் பாரிட்டி பிழை வந்து கார்டு தன்னைத்தானே திரும்பத் தொடங்கிக்கொள்வது உண்டு. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதி உண்டாக்கும் நியூட்ரான்கள் இதைச் செய்ய வல்லவை. 1970-களின் இறுதியில் இன்டெல் நிறுவனத்தின் மேயும் வுட்ஸும், சில்லை மூடியிருந்த பீங்கான் உறையில் கலந்திருந்த துளி யுரேனியமும் தோரியமும் விட்ட ஆல்ஃபா துகள்களே மெமரியைப் புரட்டியதைக் கண்டுபிடித்தார்கள். கிரானைட்டிலும் அவ்விரண்டும் சிறிதளவு உண்டு. எங்கள் மலையால் ஸ்விட்ச் கெடுமா என்று ஒரு பையன் பயந்து கேட்டான். ஆல்ஃபா துகளை ஒரு தாள் நிறுத்திவிடும். பாறையிலிருந்து அது சில்லை எட்டாது என்று விளக்கினேன். பாரிட்டி பிழை ஒருமுறை வந்தால் தேதி போட்டு எழுதிவைத்துக் கவனிப்பேன். அதே கார்டில் திரும்ப வந்தால் மாற்றுவேன்.

மின்னலை அப்படி விட முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் வருகிற அழைப்புகளில் ஒரு தினுசு உண்டு: "சில போர்ட்டு மட்டும் வேலை செய்யல." எந்தப் போர்ட்டுகள் என்று வரிசையாகச் சொல்லச் சொல்வேன். ஒன்றிலிருந்து எட்டு வரை என்று ஒட்டுமொத்தமாகச் செத்திருந்தால், அந்த எட்டுக்கும் பொதுவாக இருக்கும் ஒரே சில்லு போயிருக்கிறது. அந்த எட்டில் எந்தக் கேபிள் கட்டிடத்தை விட்டு வெளியே போகிறது என்று தேடினால் காரணமும் கிடைத்துவிடும். காவலாளி அறைக்கோ, கம்பத்துக் கேமராவுக்கோ செம்புக் கேபிள் இழுத்திருப்பார்கள். மின்னல் நேரடியாக விழ வேண்டியதில்லை. பக்கத்து நிலத்தில் இறங்கினாலே இரண்டு கட்டிடத்தின் எர்த்துக்கும் இடையில் பல ஆயிரம் வோல்ட் வித்தியாசம் வரும். அதைச் சமன்செய்ய அந்தக் கேபிள்தான் வழி. கார்டை மட்டும் மாற்றினால் அடுத்த ஐப்பசியில் அதுவும் போகும். கட்டிடத்துக்குக் கட்டிடம் ஃபைபர் போட வேண்டும். கண்ணாடியில் கரண்ட் ஏறாது.

எர்த் எங்கள் பக்கத்தில் பெரும்பாடு. எர்த்திங்குக்கு ஐ.எஸ். 3043 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. வரைபடத்தில் ஒரு ஓமுக்குக் கீழே என்று எழுதித் தருவார்கள். வண்டல் மண்ணில் பைப்பை இறக்கினால் கிடைத்துவிடும். நார்த்தாமலையில் மண்வெட்டி சில அடிக்குள் பாறையில் இடிக்கும். கருங்கல் மின்சாரத்தை ஏற்காது. ஆழம் போக முடியாத இடத்தில் அகலம் போக வேண்டும். மண் இருக்கும் வரைக்கும் நீளமாகப் பள்ளம் வெட்டி, பட்டையைப் படுக்கையாகப் போட்டு, பென்டோனைட் களிமண்ணால் மூட வேண்டும். சித்திரை வைகாசியில் காய்ந்துபோகும். தண்ணீர் ஊற்றும் வேலையை ஒருவர் பெயரில் எழுதிவைக்க வேண்டும். நான் சர்வர் அறைக்குள் போனதும் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பேன். அதில் வரும் எண்ணைப் பார்த்தாலே அந்த இடத்தில் பவர் சப்ளைகள் ஏன் அடிக்கடி போகின்றன என்பது பாதி விளங்கிவிடும். ஸ்விட்ச்காரனுக்கு எர்த்தில் என்ன வேலை என்று எலக்ட்ரீஷியன் கோபப்படுவார். கூட உட்கார்ந்து டீ குடித்து, மீட்டரை அவர் கையில் கொடுத்தால் அவரும் பார்ப்பார்.

கெட்ட கார்டை என்ன செய்வது என்பதில்தான் பல இடங்களில் கோட்டை விடுகிறார்கள். கழற்றிய கார்டை உதிரிபாக அலமாரியில், நல்ல கார்டுகள் இருக்கும் அதே தட்டில், அதே மாதிரி பையில் போட்டு வைத்துவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து அவசரத்தில் வேறொருவர் அதை உதிரி என்று எடுத்துச் செருகுவார். துளை பிய்ந்த கார்டு என்றால் இன்னொரு ஸ்லாட்டும் போயிற்று. நான் பொறுப்பில் இருக்கும் இடங்களில் கழற்றிய கார்டின் மேல் அன்றே சீட்டு ஒட்ட வேண்டும்: வரிசை எண், எந்த சேஸிஸ், எந்த ஸ்லாட், பதிவில் கடைசியாக வந்த வரி, கழற்றியவர் பெயர், தேதி. திருப்பி அனுப்பும் பெட்டியிலும் அதன் நகல் ஒன்று போகும். நல்ல உதிரிக் கார்டுக்கும் சீட்டு உண்டு. அதில் இணைப்பானை யார், எப்போது டார்ச் அடித்துப் பார்த்தார் என்று எழுதியிருக்கும். ஆலையில் நாலாவது ஸ்லாட்டுக்காக என்னைக் கூப்பிட்ட பையன் இப்போது வேறொரு கம்பெனியில் இருக்கிறான். அவனுக்குக் கீழே ஆட்கள் வேலை பார்க்கிறார்கள். போன வாரம் போனில் கேட்டான்: "அண்ணே, சீட்டு ஒட்டாத கார்டு ரெண்டு அலமாரில கெடக்கு. நல்லதா கெட்டதான்னு தெரியல. செருகிப் பாக்கலாமா?" முதலில் இணைப்பானைப் படம் எடுத்து அனுப்பு என்றேன். ஒன்றில் மூலைத் துளை பிய்ந்திருந்தது. மற்றதைச் சோதனை சேஸிஸில் போட்டு ஓட விட்டிருக்கிறான்.